மாதாமாதம் கெட்டுப்போன வண்டி

"இதோ, இப்ப கவனிங்க" என்றபடி மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. வண்டியோ, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலத் தன் பாட்டுக்கு உருண்டது. பிறகுதான் நினைவு வந்து, ஒரு குலுக்கலோடு முன்னால் பாய்ந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்தவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப கியர் நழுவுது." சாலையைப் பார்த்தே சொன்னார். வந்ததிலிருந்து அவள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

இந்த வண்டியின் கியர் சரியில்லை என்பது அவள் வீட்டில் பழைய செய்தி.

மாதம் ஒருமுறை, சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, "கியர் மறுபடி மக்கர் பண்ணுது, காட்டிட்டு வந்துடறேன்" என்று கணவர் கிளம்பிவிடுவார். பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வண்டியைப் பட்டறையில் போட்டுவிட்டு வருகிற மனிதர் அலுத்துச் சலித்துத்தானே வரவேண்டும்? இவர் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு வருவார்.

அந்த மெக்கானிக்குக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று கேட்டால், பழைய வண்டி அப்படித்தான் என்று மழுப்புவார்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரிக்க அவரை அழைத்துப்போக வேண்டும். வண்டியோ தெருமுனை மேட்டிலேயே மூச்சு வாங்கியது.

"நீ எடுத்துட்டுப் போகாத. என் கால் சரியாகட்டும்" என்று ஒற்றைக் காலில் நிற்காத குறையாகப் பிடிவாதம் பிடித்தார். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டறை முகவரியை வைத்துக்கொண்டு அவளே ஓட்டி வந்துவிட்டாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் எஞ்சினை அணைக்காமலே பானெட்டைத் திறந்து, கியர் ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். மாதுளைச் சாறு நிறத்தில் இருக்கவேண்டிய ஆயில், அடிப்பிடித்த காப்பி நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்தார். கருகல் வாடை. அளவும் குறைவு.

வண்டியை மேலே தூக்கி, அடியில் டார்ச் அடித்தார். ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸின் இணைப்பில் ஈரம் கசிந்திருந்தது.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியபோதுதான் அவர் முகம் இறுகியது. தட்டில் ஒட்டியிருந்த காந்தத்தை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மைபோல நுண்ணிய கறுப்புப் பொடி. உள்ளே பல் உடைந்ததற்கான இரும்புத் துணுக்கு எதுவும் இல்லை.

"பொழைச்சிடும்" என்றார். தன் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்து, அந்தரத்தில் தொங்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில்தான் மகள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கிளட்ச் இல்லாத வண்டியில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒன்றாக மிதிப்பாள். வண்டி கன்றுக்குட்டிபோலத் துள்ளும். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். பின்னிருக்கையில் இவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு போன வண்டி அது.

பிறகு மகள் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் போய்விட்டாள்.

அவன் யார், என்ன செய்கிறான், எதையும் கேட்க இவள் மறுத்தாள். புகைப்படத்தைக்கூடத் திருப்பி வைத்தாள். அவள் பெயரை இனி வீட்டில் எடுக்கக்கூடாது என்றதும் இவள்தான். இவள் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமலே வருடங்கள் ஓடிவிட்டன.

புது ஃபில்டர், புது ஹோஸ், கழுவித் துடைத்த தட்டு. சிவப்பு ஆயில் நூல் பிடித்தாற்போல உள்ளே இறங்கியது.

"நீங்களே ஓட்டிப் பாருங்க."

மேட்டுத் தெருவில் ஏற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எப்போது மாறியது என்றே தெரியவில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில் எரிச்சலாக மாறியது.

பட்டறை வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடியே கண்ணாடியை இறக்கினாள்.

"அரை நாள் வேலைதானே இது? மாசாமாசம் எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்தாரே, அப்பல்லாம் என்னதான் பண்ணீங்க?"

மெக்கானிக் கைத்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த விரல்களையும் மறுபடி துடைத்தார்.

"அப்பல்லாம் கியர்ல ஒரு குறையும் இல்ல. ஆயிலாவது மாத்தறேன்னா, நேரமாகும் விடுப்பான்னுடுவார். வண்டிய ஓரமா நிறுத்திட்டு நேரா வீட்டுக்குள்ள போயிடுவார்."

"யார் வீட்டுக்குள்ள?"

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு வீட்டுக்குள்ள, அத்தை."

பட்டறையின் பின்சுவரில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. அதன் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

அவள் கியரை பார்க்கிங்கில் தள்ளினாள். எஞ்சினை அணைத்தாள். கீழே இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

"துடைச்சது போதும் மாப்பிள்ளை" என்றாள். "நீங்க முன்னால நடங்க. நான் வரேன்."