தலைகீழ்த் தாள்கள்

“ஐயா, தாளெல்லாம் தலைகீழா இருக்கு!” பியானோக்காரரின் காதில் கிசுகிசுத்தார் டீச்சர்.

“அப்படியே இருக்கட்டும். நான் தலையாட்டும்போது புரட்டுங்க, போதும்.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் அவரை, பியானோ மேல் வைத்த இசைக்குறிப்புத் தாள்களைப் புரட்டுவதற்காக இந்த ஒரு மாலைக்கு மட்டும் அழைத்திருந்தார்கள். ஒரு குரல், ஒரு பியானோ. மேடையில் வேறு வாத்தியமே கிடையாது. பாடுபவர் பியானோக்காரரின் அக்கா. தம்பியின் கையைக் கோத்துக்கொண்டு மேடையேறிய அழகே அழகு.

முதல் பாட்டு. அக்கா ‘ஹ்ஹ்’ என்று மூச்சை இழுத்தார். கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். ‘குரல் தேன், மூச்சு மட்டும் கொல்லன் துருத்தி’ என்று பத்திரிகைக்காரன் எழுதியது சும்மா இல்லை.

தம்பியின் விரல்களோ ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. தலைகீழ்த் தாளைப் பார்த்து யாரால் இப்படி வாசிக்க முடியும்? ஏழு பாட்டு முடிவதற்குள் டீச்சருக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

இடைவேளையில் அக்கா முகம் கழுவப் போனதும் டீச்சர் பியானோக்காரரைப் பிடித்துக்கொண்டார். “சொல்லுங்கய்யா, என்ன வித்தை இது?”

“வித்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்குக் கண்ணு போயி ஒரு வருஷம் ஆகுது. எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னுகூடத் தெரியாது. பாட்டெல்லாம் மனப்பாடம். தாள் சும்மா ஒப்புக்கு.”

“அக்காவுக்கு?”

“தெரியாது. தெரியவும் கூடாது. சின்ன வயசுலேருந்து என்னைத் தவிர வேற யார் வாசிச்சும் அவங்க பாடினதில்ல. தெரிஞ்சா, ‘நீ கஷ்டப்பட வேணாம்டா’ன்னு அன்னிக்கே பாட்டை மூட்டை கட்டிடுவாங்க. அந்தக் குரல் என்னால நிக்கக் கூடாது டீச்சர்.”

 டீச்சர் தாள்களை நேராக்கி அடுக்கிவைத்தார். இரண்டாம் பாதி முழுக்க, பியானோக்காரர் ஒவ்வொரு வரியாகப் படித்து வாசிப்பதுபோலவே டீச்சர் கச்சிதமாகப் பக்கம் புரட்டினார்.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. தம்பி வெளியே ரசிகர்களிடம் மாட்டிக்கொண்டிருக்க, ஒப்பனை அறையில் அக்கா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருந்துச்சா டீச்சர்?”

“பிரமாதம்மா! ஒண்ணே ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு ஆரம்பிக்கிறப்போ மூச்சை அவ்வளவு சத்தமா இழுக்கணுமா? பத்திரிகைலகூடக் கிண்டல் பண்றாங்களே.”

“பண்ணிட்டுப் போகட்டும்.” அக்கா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “முன்னெல்லாம் லேசாத் தலையாட்டுவேன், உடனே தம்பி வாசிக்க ஆரம்பிச்சுடுவான். ஒரு வருஷமா அது அவனுக்குத் தெரியறதில்ல. எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க.”