துணைக்கு ஒரு ஆள்

"உள்ளே வாங்கடா தம்பிகளா! வாசல்லயே நின்னா விறைச்சுப் போயிடுவீங்க."

ஆர்டிஸ் அம்மா கதவை அகலத் திறந்து பிடித்திருந்தாள். சூப் வாசனை வெளியே வந்து பிங்காமின் மூக்கைத் துளைத்தது. ஆனாலும் அவன் படியை விட்டு நகரவில்லை.

"வரக் கூடாதும்மா. வீட்டுல பொம்பளை தனியா இருந்தா நாங்க உள்ளே வர முடியாது. ஆம்பளை ஒருத்தர் கூட இருக்கணும். எங்க சட்டம் அப்படி."

"எனக்கு எழுபத்தாறு வயசுடா!"

"சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா," என்றான் ஹவிலி, பனி வாரும் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

இரண்டு பேருக்கும் இன்னும் மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. ஆனால் கோட்டில் குத்தியிருந்த கறுப்பு வில்லை இருவரையும் 'எல்டர்' என்றது. அதாவது பெரியவர்களாம்! மார்மன் சபை அவர்களை யூட்டாவிலிருந்து இந்த வட டகோட்டா குளிருக்கு ஊழியம் செய்ய அனுப்பியிருந்தது.

பிங்காம் ஊருக்கு வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் ஒருவர்கூட உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்டதில்லை. அடுத்த வாரம் வேறு ஊருக்கு மாற்றல். அதற்குள் ஒரே ஒருவராவது கேட்டுவிட வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தான். இந்த வாரம்தான் முதல்முறையாக ஒரு கதவு திறந்தது. திறந்தும் என்ன, உள்ளே போக வழியில்லை!

"துணைக்கு ஒரு ஆள் கிடைச்சா வந்திடுவோம்மா. நிச்சயமா!"

வாரம் முழுக்க ஓட்டம்தான். ஒரு நாள் யாரோ வீடு மாற்றுகிறார்கள் என்று மாடியிலிருந்து பியானோவை இறக்கினார்கள். இன்னொரு நாள் முதியோர் விடுதியில் பாத்திரம் கழுவினார்கள். ஆர்டிஸ் அம்மாவும் பார்க்கும்போதெல்லாம் உள்ளே கூப்பிட்டாள். நடுநடுவே துணைக்கு ஆள் தேடினார்கள். சபையில் ஒருவருக்குப் பசு கன்று போடும் நேரம். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் ஃபோனையே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை, ஆர்டிஸ் அம்மாவுக்கு அடுத்த வீட்டு ஓர்வில் கிழவரின் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார்கள். சிடுசிடுப்புக்குப் பேர் போனவர். 'கடவுள் பேச்சை எடுத்தா மண்வெட்டியைப் பிடுங்கிடுவேன்' என்று முதல் நாளே சொல்லிவிட்டவர்.

"அவ வீட்டு விறகை உள்ளே எடுத்து வெச்சாச்சா?" என்றார் திடீரென்று, ஆர்டிஸ் அம்மாவின் வீட்டைப் பார்த்தபடி.

"ஆச்சு சார்." பிங்காமுக்குத் துணிச்சல் வந்தது. "சார், ஒரு மணி நேரம் அந்த வீட்டுல வந்து சும்மா உட்கார முடியுமா? ஒரு ஆம்பளை இருந்தாத்தான் நாங்க உள்ளே போகலாம்."

கிழவர் அவனை உற்றுப் பார்த்தார்.

"அவ கூப்பிட்டாளா?"

"இல்ல சார், நாங்களாத்தான்..."

"அப்போ வேலையைப் பாரு."

கதவைப் படாரென்று சாத்தினார்.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா எல்டர்?" என்று ஹவிலி சிரித்தான். பிங்காமுக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் ஆர்டிஸ் அம்மாவிடம் படியில் நின்றபடியே புலம்பினான்.

"அடுத்த வீட்டுக்காரரைக்கூடக் கேட்டுப் பார்த்தேம்மா. 'அவ கூப்பிட்டாளா'ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டார்."

ஆர்டிஸ் அம்மா சூப்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"கூப்பிட்டாளான்னா கேட்டான்?"

"ஆமாம்மா."

அடுத்த வீட்டு ஜன்னலை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "சனிக்கிழமை மத்தியானம் வாங்க. ஆள் இருக்கும்," என்றாள்.

சனிக்கிழமை பிங்காம் ஷூவை இரண்டு முறை துடைத்தான். உள்ளே, ஜன்னலோர நாற்காலியில் ஓர்வில் கிழவர் தலைவாரி, சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டு, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிங்காமுக்கு நம்பவே முடியவில்லை. ஜெபம் பலித்துவிட்டது! அவசரமாக வேதப் புத்தகத்தைத் திறந்தான்.

"அம்மா, முதல்ல..."

"மூடுடா அதை. சூப் ஆறிடும்."

"நீங்க கேக்கணும்னுதானேம்மா..."

"நான் எப்போடா கேக்கணும்னு சொன்னேன்? உள்ளே வாங்கன்னுதான் சொன்னேன். எனக்கு என் சர்ச் தெருமுனையிலயே இருக்கு. நீ நல்ல பையன். சாப்பிடு."

பிங்காமின் முகம் விழுந்துவிட்டது. 

"அப்போ எதுக்கும்மா அத்தனை தடவை உள்ளே கூப்பிட்டீங்க? நாங்க வர முடியாதுன்னு சொல்லியும்..."

"நீங்க வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் வந்த பசங்களும் இதே சட்டத்தைத்தான் சொன்னாங்க."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. ஓர்வில் கிழவரின் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். யாரும் சொல்லாமலே, அதிலிருந்த கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். கிழவர் அதைப் பார்த்தார். ஏனோ குனிந்து வெகுநேரம் சூப்பையே கலக்கிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் பையன்கள் இருவரும் கிளம்பினார்கள். பிங்காம் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் வீணாகிவிட்டது என்பதைத் தவிர அவன் மனதில் ஒன்றுமில்லை. கிழவர் வாசல் வரை வந்து, அவன் தோளைப் பிடித்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமை உங்க ஆளுங்க யாராவது ரெண்டு பேர் கண்டிப்பா வரணும்டா. எங்க அம்மா செத்த அன்னிக்கு எங்களுக்குள்ள நின்னு போன பேச்சு இது. நீங்க வரலைன்னா, என்னைக் கூப்பிட என் தங்கச்சி வேற என்ன சாக்கு சொல்லுவா?"