கன்னியாகுமரிக்குப் போனவர்கள்

வாசலில் யாரோ ஓவென்று அழுதார்கள்.

சமையலறையில் திரிபுரசுந்தரி கையிலிருந்த கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே பூட்டுத் தொங்குகிற வீட்டுக்குள் கரண்டி விழக்கூடாது.

காலனியைப் பொறுத்தவரை அவர்கள் ஊரிலேயே இல்லை.

நேற்று சாயங்காலம், நாலு பேர் பார்க்கட்டும் என்றே, டிரங்குப் பெட்டியோடு ஆட்டோ ஏறி செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரயிலில் மெட்ராஸ், அங்கிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் கன்னியாகுமரி. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி தன் செலவில் குடும்பத்தோடு அனுப்பிவைக்கும் எல்.டி.சி. பயணம்.

இருட்டின பிறகு பின்பக்கமாக வந்து வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள்.

போகாமலே போனதாகக் காட்டுகிற இந்த வித்தை அவள் கணவர் நாராயணஸ்வாமியுடையது. டூரிஸ்ட் பஸ் ரசீதுகூடத் தயார். கம்பெனி கொடுக்கும் பணத்தில் அவளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ். வாங்கித் தருவதாகச் சொன்னதும் அவளும்தான் பல்லை இளித்தாள்.

லீவு முடிகிறவரை ரேடியோ கிடையாது. குக்கர் கிடையாது, விசில் அடிக்கும். கடுகு தாளிப்பது கிடையாது. மகன் அம்பிக்குத் தும்மல் வந்தால் முகத்தில் தலையணை. பாத்திரம் தேய்க்க அன்னக்கிளியும் இல்லை, அவளும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டாள். காலையில் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தபோது கல்பகம் பழக்க தோஷத்தில் வாசலுக்கு ஓடினாள். அப்பா பின்னலைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பஸ் போன பள்ளிக்கூடத்திலிருந்துதான் இப்போது ஆள் வந்திருந்தது. அழுதது ஹில்டா மிஸ், கல்பகத்தின் கிளாஸ் டீச்சர்.

"அரைப் பரீட்சை வருது, லீவு தர முடியாதுன்னுதான் சொன்னேன். இந்தப் பொண்ணு, சங்கு கொண்டுட்டு வரேன் மிஸ்னு கெஞ்சிச்சு. பாவி, நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். முடியாதுன்னு நின்னிருந்தா ரெண்டு பிள்ளைங்களும் இப்ப கிளாஸ்ல உக்காந்திருக்கும்."

திரிபுரசுந்தரிக்கு ஒன்றும் புரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆர்தரின் குரல் புரியவைத்தது. "ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன் மிஸ். ராத்திரி வெள்ளத்துல பாலம் போயிருக்கு. அவங்க இருந்த ரயில் பெட்டி அப்படியே ஆத்துக்குள்ள. ஒருத்தர்கூடப் பிழைக்கல."

வெளியே ஏழெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் கதறினார்கள். யாரோ தெலுங்கில் கல்பகத்தின் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார்கள்.

கல்பகம் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், சுவரில் சாய்ந்தபடி, உயிரோடு.

நாமெல்லாம் செத்துப்போய்விட்டோமா என்று அம்பி அம்மாவின் காதில் பள்ளிக்கூடத்து இந்தியில் கேட்டான்.

அவள் இருவரையும் வாரி மடியில் போட்டுக்கொண்டாள். கை கால், தலை, முகம் என்று தடவித் தடவிப் பார்த்தாள். போயிருந்தால்? நிஜமாகவே போயிருந்தால்? கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் சாவுச் செய்தியைத் தானே கேட்கிறவர்களுக்கு வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை போலிருக்கிறது.

நாராயணஸ்வாமி காலண்டரில் இருந்த பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆனால் மூளை அதற்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அவர் அப்படித்தான்.

"அழாதே. மூச்சு விடாதே. தெரிஞ்சா வேலை போயிடும்" என்று அவள் காதருகே குனிந்தார். "கொஞ்சம் கூட்டம் கலையட்டும். பின்பக்கமா போய், பெட்டியோட முன்பக்கமா வரலாம். ரயிலைத் தவறவிட்டுட்டோம், ராத்திரி பூரா ஸ்டேஷன்லயே இருந்தோம்னு சொல்லிக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டா."

கேட்க மாட்டார்கள்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஹில்டா மிஸ் குழந்தைகளுக்கு முத்தம் கொடுப்பாள். இவ்வளவு சுலபமா என்று திரிபுரசுந்தரிக்கே ஆச்சரியமாக இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

கல்பகம் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, என் விண்டோ சீட்ல அன்னக்கிளி பொண்ணுதானே உக்காந்தா?"

பெருமாளைப் பார்த்து மறுபடி கன்னத்துக்குப் போன நாராயணஸ்வாமியின் கை பாதியில் நின்றுவிட்டது.

பெர்த் காலியாகப் போனால் விசாரணை வரும் என்று யோசித்தவர் அவர்தான். அன்னக்கிளி, அவள் புருஷன், இரண்டு குழந்தைகள். இவர்களும் நாலு, அவர்களும் நாலு. மெட்ராஸில் இறங்கினால் அவள் ஊருக்குப் பஸ் இருக்கிறது, ஓசிப் பயணம், யார் கேட்டாலும் எங்கள் பெயரைச் சொல்லிக்கொள் என்று டிக்கெட்டைக் கையில் திணித்தவரும் அவர்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஊரையே பார்க்காதவள், பிளாட்பாரத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திரிபுரசுந்தரி குழந்தைகளுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். ரயில் நகர்ந்தபோது அன்னக்கிளியின் பெண் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டே போயிற்று.

ரயிலைத் தவறவிட்டோம் என்று சொன்னால் அந்த பெர்த்களில் இருந்தவர்கள் யாருமில்லை. பெயரில்லாத நாலு பிணம்.

வெளியே காலனியே திரண்டு அழுதது. கல்பகம் என்றது, அம்பி என்றது. அந்த நாலு பேருக்காக ஒருத்தரும் அழவில்லை.

நாராயணஸ்வாமி மனைவியின் வாயைப் பொத்தக் கையை நீட்டினார். திரிபுரசுந்தரி அதைத் தட்டிவிட்டாள்.

"அன்னக்கிளீ..."

அடிவயிற்றிலிருந்து வந்த கூச்சல். பூட்டின கதவைத் தாண்டிப் போயிற்று.

வாசலில் அழுகை சட்டென்று நின்றது.