பேர் சொல்லாத ஒரு நிமிடம்

அன்று சனிக்கிழமை. பொகோட்டாவில், வானொலி நிலையத்தின் மாடிப்படியில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மகன்களுக்காக வந்த அம்மாக்கள் நான்கு பேர். அண்ணனுக்காக வந்த அக்கா தங்கை இருவர். மருமகனுக்காக வந்த எவெலியோ. கணவனுக்காக வந்த ருபியேலா. தம்பிக்காக நான்.

எல்லாருடைய ஆட்களும் காட்டில் இருந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் பிணையாகப் பிடித்துக்கொண்டு போய் வருஷங்கள் ஆகியிருந்தன. வாரத்துக்கு ஒருமுறை மைக் முன்னால் எங்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். நாங்கள் பேசுவது ஞாயிறு விடியும்முன் ஒலிபரப்பாகும். பிணையாளிகளை ரேடியோ கேட்க விடுகிறார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

வந்தவர்களின் பெயரை வரிசையாகத் தாளில் எழுதுவது என் வேலை.

நிலையத்துக்காரர் கதவைத் திறந்தார்.

"இன்னிக்குக் கால்பந்தாட்டம் இருக்கு. எட்டு நிமிஷம்தான். எட்டுப் பேர் மட்டும் வாங்க."

ஒன்பதாவது பெயர் அம்பாரோ. வழியில் பஸ் பழுதாகி, மூச்சு வாங்க ஓடி வந்தவள்.

"நாளைக்கு என் பையனுக்குப் பிறந்த நாள்," என்றாள். "இருபத்திரண்டு முடியுது. இதோட நாலு பிறந்த நாள் அங்கேயே."

தன் நிமிடத்தைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும்தான். எல்லாரும் ருபியேலாவைப் பார்த்தோம்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒல்லிக்குச்சிப் புருஷனையும் 'குண்டா' என்று கொஞ்சுவது எங்கள் வழக்கம். முப்பது வயதுக்காரனும் பெண்டாட்டிக்குக் 'கிழவன்'தான். ஆனால் ருபியேலா சில மாதங்களாக அந்தக் கொஞ்சலை மட்டுமே பேசிவிட்டு வந்தாள். புருஷன் பெயர் கிடையாது. வீட்டுச் செய்தி ஒன்றும் கிடையாது.

"சாப்பிட்டியா குண்டா, நனைஞ்ச துணியோட தூங்காதே என் கிழவா..." எவெலியோ அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "இதுக்கு எதுக்கும்மா ஒரு நிமிஷம்? பத்து வினாடி போதாதா? மீதியை அம்பாரோவுக்குக் கொடு."

"முடியாதுங்க," என்றாள் ருபியேலா.

அம்பாரோவுக்குப் பொங்கிவிட்டது.

"ஏண்டி, முன்னெல்லாம் கோழி அடை உட்கார்ந்தது, கூரை ஒழுகுறது எல்லாம் சொல்லுவே. இப்ப ஹெராக்லியோங்கிற பேரே உன் வாயிலே வரமாட்டேங்குது. புதுசா எவனாவது வந்துட்டானா?"

ருபியேலா தலையைக் குனிந்துகொண்டாள். அம்பாரோ விடவில்லை.

"உன் புருஷனோட கம்பளியை உருளைக்கிழங்கு விக்கிறவன் போட்டுக்கிட்டுத் திரியறான். என் கண்ணாலே பார்த்தேன். நாளைக்கு அந்த மனுஷன் திரும்பி வந்தா எதைப் போர்த்திக்குவான்? இந்த லட்சணத்திலே மைக்கைப் பிடிச்சா மட்டும் என் ராஜா, என் வானமே!"

"என்ன வேணா திட்டுங்க அக்கா. என் நிமிஷத்தை மட்டும் கேட்காதீங்க."

அவள் முறை வந்தது. உள்ளே போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என் உசிரே, கால் புண் ஆறிச்சா? மழைக் காலம் வந்துடுச்சு, பார்த்து நட. உன்னை யாரும் மறக்கலை குண்டா. நீ வந்தா சாப்பிட உனக்குன்னு ஒரு தட்டு எடுத்து வெச்சிருக்கேன். தாடியை மழிச்சுக்கோ, அப்பதான் முத்தம். என் கிழவா, என் தங்கமே, நாளைக்கும் எழுந்திரு. எனக்காக எழுந்திரு."

சரியாக அறுபது வினாடி.

எட்டுப் பேரும் பேசி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்பாரோ மகனுக்கு வாழ்த்துச் சொல்லாமலே படி இறங்கினாள். ருபியேலா பின்னாலேயே ஓடி வந்தாள். நான் நாலு படி மேலே இருந்தேன்.

"அக்கா, நில்லுங்க. அவர் உயிரோட இல்லை."

அம்பாரோ திரும்பினாள்.

"மார்ச்சிலேயே. காய்ச்சல். அங்கேயே குழி தோண்டிப் புதைச்சுட்டாங்க. கூட இருந்த ஒருத்தரை விடுதலை பண்ணாங்க, அவர்தான் வந்து சொன்னார்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, நிலையத்துக்குத் தெரிஞ்சா என்னை உள்ளே விடமாட்டாங்க. தாளிலே என் பேரை அடிச்சிடாதீங்க."

நான் தலையாட்டினேன்.

அம்பாரோ கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"அப்ப யாருக்குடி இவ்வளவும் பேசறே?"

"அவர் இருந்த முகாமிலே ஒரே ஒரு ரேடியோதான். கூட இருக்கிறவங்களுக்காக இங்கே வந்து பேச யாரும் இல்லை. சிலருக்கு வீட்டு ஆளுங்களே இல்லை. சிலரை வீட்டிலே மறந்துட்டாங்க. இவரைப் புதைச்ச அடுத்த ஞாயிறு, விஷயம் தெரியாம நான் எப்பவும்போலக் குண்டான்னு கூப்பிட்டிருக்கேன். யாரும் ரேடியோவை அணைக்கலையாம். இருட்டிலே ஒருத்தர் மட்டும் மெதுவா 'ம்'னு சொன்னாராம்."

ருபியேலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் வாரா வாரம் எல்லாருமே 'ம்' சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களாம், அக்கா. நான் ஹெராக்லியோன்னு பேர் சொல்லிட்டா, அவங்களுக்கு அந்தக் கொஞ்சல் இல்லாமப் போயிடும்."

அம்பாரோ கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"மொத்தம் ஏழு பேர். ஒருத்தர் வந்துட்டார். இவர் மண்ணுக்குள்ளே." ருபியேலா விரலை மடக்கினாள். "மீதி அஞ்சு."