பதற்றமில்லாத குரல்

துறைமுகக் கிரேனின் கூண்டிலிருந்து பார்த்தபோது, தன் தெரு இருக்கும் பக்கம் மஞ்சள் புகை தாழ்வாக ஊர்வது லிங்கதுரைக்குத் தெரிந்தது. தெருவை ஒட்டித்தான் உரத் தொழிற்சாலை. உடனே மனைவிக்கு போன் செய்தான்.

"இங்கு எல்லாம் நலம், லிங்கதுரை. குழந்தை விளையாடுகிறது. கவலை வேண்டாம்," என்றது சந்தனமாரியின் குரல்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருமுறைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள்.

வதந்தித் தடுப்புச் சட்டம் வந்ததிலிருந்து, யாராவது பதறிப் பேசினால் போன் கம்பெனியே அதை அதே குரலில் வேறு நிதானமான வார்த்தைகளாக மாற்றித்தான் மறுமுனைக்கு அனுப்புகிறது. ஊரில் சண்டை சச்சரவு குறைந்துவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள். அவனும்தான்.

அப்படியென்றால் அவள் இப்போது அங்கே அலறிக்கொண்டிருக்கிறாள்.

"ஏ மாரி, புள்ளையத் தூக்கிட்டு ஓடு! கடற்கரைப் பக்கமா ஓடு! வீட்ல நிக்காத!" தொண்டை கிழியக் கத்தினான்.

பிறகு அவள் பேசினாள்.

"சரிங்க. உங்க குரலக் கேட்ட பொறவுதான் எனக்கு உசுரே வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்கோம்."

இந்த முறை அவன் பெயரை அவள் சொல்லவில்லை. பதற்றம் அடங்கி, அவளேதான் பேசினாள்.