எருமை என்று எழுதிய கடிதம்

எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்த மின்னஞ்சல்கள் எல்லாம், யாருக்கு எழுதினார்களோ அவர்களுக்கே தெரிய ஆரம்பித்துவிட்டன.

ஹைதராபாத் மாதாப்பூரில், மின்னஞ்சல் மென்பொருள் செய்யும் கம்பெனி. புதிதாக எதைச் செய்தாலும் முதலில் தங்கள் தலையிலேயே கட்டிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

"யாதகிரி! எனக்கு ஏழு காதல் லெட்டர் எழுதி வெச்சிருக்கியே!" என்று கத்தினாள் ஜோத்ஸ்னா.

"ஐயோ, படிக்காதே!"

"ஆறு முடிச்சுட்டேன். அஞ்சாவதுல கவிதை வேற. அதைத்தான் தாங்க முடியல."

மாடியே குலுங்கியது. கோப்பைகளில் சாய் ஆறியது. உஸ்மானியா பிஸ்கட் தீர்ந்தது. ஆளாளுக்குத் தங்களுக்கு வந்ததை உரக்கப் படித்தார்கள். மென்பொருளில் விழுந்த அந்த ஓட்டையை அடைக்க ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்த ஸ்வரூபா சட்டென்று நிறுத்தினாள்.

"என்னக்கா?" என்றாள் ஜோத்ஸ்னா.

"தங்கச்சி கல்யாணத்துக்கு மேனேஜர் லீவு தரலையில்ல? அன்னிக்கு அவருக்கு ஒண்ணு எழுதினேன். அனுப்பல."

"என்னன்னு?"

"நீ மனுசனா, எருமையான்னு."

"மரியாதை இல்லாமலா?"

"எருமைக்கு எதுக்கு மரியாதைன்னும் எழுதியிருக்கேன்."

திங்கட்கிழமை அவளை அணித் தலைவி ஆக்குவதாகப் பேச்சு. மேனேஜர் வெங்கடாத்ரி கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடி அறைக்குள் அந்த மனிதர் காலையிலிருந்து திரையை விட்டுத் தலை தூக்கவில்லை.

"ஒண்ணொண்ணா ரசிச்சுப் படிக்கிறார் பாரு," என்றான் யாதகிரி. "அனுப்பாத லெட்டரைப் படிக்க வெக்கமா இல்ல?"

சொல்லிவிட்டு, தனக்கு வந்ததில் அடுத்ததைத் திறந்தான்.

ஸ்வரூபாவின் மேஜையில் போன் அடித்தது. "ஸ்வரூபா, உள்ளே வாம்மா."

போனாள். கதவு மூடுவதற்குள் கொட்டிவிட்டாள்.

"சார், கோபத்துல எழுதிட்டேன். நீங்க எருமை இல்ல சார்!"

"எந்த எருமை?"

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. ரெண்டாவது ஆள் சரின்னு சொல்லாம இங்கே எதையும் மாத்த முடியாதே. சீக்கிரம் பாரு. வெளியே எல்லார் மானமும் போயிட்டிருக்கு."

திரையின் ஒரு பாதியில், ஓட்டையை அடைக்க அவரே புதிதாக எழுதிய பதினோரு வரி நிரல். மறுபாதியில் அவருக்கு வந்து குவிந்த அறுபத்துமூன்று கடிதங்கள். அத்தனையும் தடித்த எழுத்தில் நின்றன. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. நாலாவது அவளுடையது.

"நான் நிரல் எழுதி பத்து வருசமாச்சு. தப்பிருந்தா திட்டு. நேர்லயே திட்டு. திங்கட்கிழமையிலிருந்து இது உன் வேலைதானே?"

படித்தாள். தப்பில்லை. ஒப்புதலை அழுத்தினாள். அறுபத்துமூன்றும் மறைந்தன.

வெளியே யாதகிரி அலறினான். "ஐயோ, பாதியில போச்சே!"

திரையின் அடியில் ஒரு வரி விழுந்தது.

ஓட்டையை அடைத்தவர்: கோடூரி வெங்கடாத்ரி.