பத்தரைக்குள் ஒரு முகூர்த்தப் புடவை

"குரல் கேக்குதுங்க. படம்தான் ஒரே இருட்டா இருக்கு" என்றாள் கல்யாணப்பெண் மதிவதனி, சென்னையிலிருந்து, லேப்டாப் வழியாக.

பரிமளா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மடியில் முகூர்த்தப் புடவை. அரக்கு உடம்பு, கிளிப்பச்சை பார்டர். தரகர் யாரும் குறுக்கே வராமல், ஆரணியில் அவர்கள் தறியைத் தேடி நேராக வந்த முதல் கல்யாண ஆர்டர்.

விஜயதசமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்த நாள். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் புடவையைப் பார்த்து முடிவு சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மத்தியானமே காஞ்சிபுரத்துக்குக் கார் ஏறிவிடுவோம் என்று பெண்ணின் அம்மா முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள்.

மணி பத்து பத்து.

செல்போனில் காட்டலாம்தான். போன மாதம் அப்படிக் காட்டி, அரக்கு தக்காளி நிறத்தில் தெரிந்து, ஒரு ஆர்டர் கைநழுவிப் போனது. அதற்காகவே வாங்கிய லேப்டாப் இது.

வாங்கிய நாளிலிருந்து வீட்டில் ஓயாத வழக்கு. எந்த இழை எங்கே போகிறது என்று தெரியாதவன் தறியில் உட்காரலாமா, அதுமாதிரிதான் இதுவும், உள்விவகாரம் தெரியாமல் தொடக்கூடாது என்பது கணவர் ஜெகநாதனின் கட்சி. தினம் இரண்டு வீடியோ பார்த்து, நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிற மனிதர்.

நோட்டைப் பிரித்தார். செட்டிங்ஸுக்குள் இறங்கினார். அந்தப் பக்கமிருந்து மதிவதனியும் வழி சொன்னாள். கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. மேதாவிகள் இருவரும் பர்மிஷன் என்றார்கள், அப்டேட் என்றார்கள். அணைத்துப் போட்டு மறுபடி கூப்பிட்டார்கள்.

குரல் கணீரென்று வந்தது. படம் வரவில்லை.

மணி பத்து இருபது.

"மிக்ஸிய பிரிச்சி பாத்துட்டா சட்னி அரைக்கிறோம்? ஜல்தியா நகருங்க!" என்று பரிமளா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அதனால் வெளியே பார்த்தாள்.

திரைக்கு மேலே, நட்டநடுவில், நேற்று ஆயுத பூஜையில் ஜெகநாதன் தன் கையாலேயே பயபக்தியோடு வைத்த சந்தனம். அதன்மேல் குங்குமம். கேமராவின் கண் அதற்குள் புதைந்து கிடந்தது.

தான் கட்டியிருந்த புடவையின் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து ஒரே துடைப்பு.

"அய்யோ, அந்தப் பச்சை!" என்று சென்னை துள்ளியது. மகளுக்குப் பிடித்துவிட்டது, பின்னாலிருந்து அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. இதையே வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது பத்தரைக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. ஜெகநாதன் நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பரிமளாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

இந்தப் புடவையைக் கட்டப்போகிற பெண்ணை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது.

"உங்க முகம்தான் தெரியவேயில்லியேம்மா?"

"அதை ஏங்க கேக்கறீங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து என் கேமராவும் வேலை செய்யல. ரெண்டு தடவை எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஏத்திப் பாத்துட்டேன். ஆபீஸ்ல யாருக்கும் இன்னான்னு தெரியல."

பரிமளா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஒரு ஈரத்துணி எடுத்துகினு வாங்கம்மா" என்றாள்.